நான் எங்கே நின்றேன்

1

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் போனேன். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, அதுதான் அதிசயம்.

அன்று வழக்கம்போல எழுந்தேன், குளித்தேன், ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்து டப்பாவில் அடைத்தேன். ஆறே முக்கால் பஸ் வந்தது, ஏறினேன். ஊருக்கு வெளியே டூலிப் பூக்கிழங்குப் பண்ணை வாசலில் இறங்கி, பையில் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டு நின்றேன். கதவருகே இருந்த பையன் புதிது. யார் வேண்டும் என்று கேட்டான். நான் வசந்தா, மூன்றாம் கொட்டகையில் கிழங்கு பிரிக்கிறவள் என்று சொன்னேன். அதை டச்சு மொழியில் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவன் முழித்த முழியில் தெரிந்தது, நான் பேசியது சுத்தமான தமிழ். அப்போதுதான் வேலையை விட்டது ஞாபகம் வந்து பயந்துபோனேன்.

என் மகள் அருணா வந்து அழைத்துப் போனாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வேண்டும் என்றால் பாதி வாக்கியத்தில் டச்சுக்குத் தாவிவிடுவாள், எழுத்து ஒன்றும் தெரியாது. அன்று அவள் எந்த மொழியிலும் பேசவில்லை. என் மகள் பேசாமல் கார் ஓட்டினால் அழுகிறாள் என்று அர்த்தம்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நெதர்லாந்தில் இருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு பயம் வந்தால் கூடவே ஒரு படிவமும் வரும். குடும்ப டாக்டர் ஒரு கடிதம் எழுதினார், காப்பீட்டுக்காரர்கள் ஒன்று எழுதினார்கள், ஞாபக சிகிச்சைப் பிரிவிலிருந்து எட்டுப் பக்கத்தில் கேள்விகள் வந்தன. 'உங்கள் தாய் சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா?' என்ற கேள்விக்கு அருணா 'ஆம்' என்று டிக் அடித்ததை நான் பார்த்துவிட்டேன். அது தெரியாததுபோல் டீ போடப் போனேன்.

2

அதே வாரம் சென்னையிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. எட்டுப் பக்கப் படிவத்துக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்தேன்.

திருவிடைமருதூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். அப்பா காலத்து நிலத்தில் பெரும்பங்கு கைமாறிப் போய், மிச்சம் இருப்பது வடக்குவெளி என்கிற ஒரு துண்டு. தம்பி அதை விற்கப் போகிறான். எனக்கும் பங்கு இருப்பதால் நான் ஹேக் நகரத் தூதரகத்துக்குப் போய், அவனே விற்கலாம் என்று அதிகாரம் கொடுத்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

என் ஞாபக விஷயத்தை அருணா போனில் அவனிடம் உளறிவிட்டாள். அடுத்த நாள் அவனே கூப்பிட்டான். நலம் விசாரித்தான், அழக்கூடச் செய்தான், நல்லவன்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, டாக்டருங்க ஏதாவது எழுதிட்டா அப்புறம் உன் கையெழுத்து செல்லாதாம். அதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடு," என்றான்.

என் மூளைக்கு ஒரு கெடு வைத்தாகிவிட்டது என்று அப்போது புரிந்தது.

போட்டுத் தொலைத்திருப்பேன். வடக்குவெளி என்ற பெயரைக் கேட்டதும் என் வாயில் மூன்று வாக்கியம் தானாக வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

3

எனக்குப் பதினாறு வயது. சென்னையில் கட்சி ஆட்சி மாறி, ஊர் பேசுகிற தோரணையே மாறிக்கொண்டிருந்த காலம். கிழக்கே கூலிச் சண்டை, கொடிக்கம்பங்கள், போலீஸ் லாரிகள். குத்தகைக்கு உழுகிறவர் தன் பெயரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் சுலபத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. பல வீடுகளில் அதைக் கேட்டுச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு.

வடக்குவெளியை முத்தையன் என்பவர் சாகுபடி செய்துவந்தார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தில்தான் உழுதாராம். முத்தையன் பதிவுக்கு மனுப் போட்டார். அது குத்தகையே இல்லை, என் சொந்தப் பண்ணை, முத்தையன் எனக்குக் கூலியாள் என்று அப்பா பதில் போட்டார். கும்பகோணத்தில் விசாரணை. அறுப்பன்று வயலில் அறுத்தது யார் என்று சொல்ல அப்பாவுக்குச் சாட்சி வேண்டும். பண்ணை ஆட்கள் சொன்னால் எஜமானுக்குப் பயந்து சொல்கிறார்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்குகிற பெண் வந்து சொன்னால்?

சொன்னேன். அதிகாரி முன்னால், ரெட்டைச் சடையோடு, நடுங்காமல் சொன்னேன்.

"அன்று காலை வடக்குவெளியில் எங்கள் பண்ணை ஆட்கள் ஆறு பேர் அறுத்தார்கள். முத்தையன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் அரிவாள் இல்லை."

அதிகாரி மெச்சிக்கொண்டார். முத்தையன் பெயர் பதிவாகவில்லை. அடுத்த வருஷம் வடக்குவெளியில் வேறு ஆள் உழுதார்.

இதை எப்படிச் சொல்ல, எனக்கு இத்தனை வருஷமும் அதில் பெருமைதான். அப்பாவுக்காகச் சொன்னேன் என்றல்ல, பார்த்ததைப் பயப்படாமல் சொன்னேன் என்று. கல்யாணமாகி இங்கே வந்து, பண்ணைவீட்டுப் பெண் குளிரில் கிழங்கு பிரிக்கிற கூலியாளாகி, டச்சுக்காரி ஒருத்தி நான் திருடினேன் என்று அபாண்டமாகச் சொன்னபோதுகூட இதையே நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். பதினாறு வயதில் ஆபீசர் முன்னால் உண்மை பேசியவள் நான், உனக்கா பயப்படுவேன் என்று. அருணாவுக்கும் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லி வளர்த்தேன். உண்மை பேசக் கற்றுக்கொள், உன் அம்மாவைப் பார் என்று.

4

ஞாபகப் பரிசோதனை மூன்று வாரம், வாரம் ஒரு நாள். சோதிப்பவர் என் மகளைவிட இளையவர், பனைமர உயரம். பெயர் வாயில் நுழையாது. மனதுக்குள் நெட்டையர் என்று வைத்துக்கொண்டேன். வயதானால் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மொழிபெயர்ப்புக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை அழைத்திருந்தார். அந்தப் பெண் என்னை 'அம்மா' என்றாள். என் வீட்டிலேயே அந்தச் சொல்லைக் கேட்டு நாளாகிவிட்டது.

முதலில் ஐந்து சொல் சொன்னார்கள். கொஞ்ச நேரம் வேறு பேச்சு. பிறகு அந்த ஐந்தையும் கேட்டார்கள். எனக்கு இரண்டுதான் வந்தது. மீதி மூன்றும் சொல்லப்பட்டதே ஞாபகம் இல்லை. ஐந்து சொன்னீர்களா என்று நான் சண்டைக்குப் போனேன். நெட்டையர் பொறுமையாகச் சிரித்தார்.

பிறகு, பழைய சம்பவம் ஒன்று, உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருப்பது, சொல்லுங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. இதில் என்னை யாரும் அசைக்க முடியாது. விசாரணைக் கதையைச் சொன்னேன், வயலில் கண்டதைச் சொன்னேன். இரண்டாம் வாரமும் கேட்டார், சொன்னேன். மூன்றாம் வாரமும்.

மூன்றாம் வாரம் மொழிபெயர்க்கிற பெண் உடனே டச்சில் சொல்லவில்லை. தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"அம்மா, நீங்கள் போன ரெண்டு முறையும் சொன்னதை நான் தமிழிலேயே எழுதி வச்சிருந்தனான். அந்த வயல் பகுதி மட்டும் ஒரு சொல்லும் மாறேல்லை," என்றாள்.

பார்த்தீர்களா என் ஞாபகத்தை என்று நெட்டையரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பெருமைப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த வாக்கியங்கள் முடியும்போதெல்லாம் உங்கள் விரல் மேசையைத் தட்டுகிறது, மூன்று வாரமும் மூன்று தட்டு, தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் கண்ட ஒரு விஷயத்தை மூளை பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு அப்படியே எடுத்துக் கொடுப்பதில்லையாம். ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பொறுக்கிப் புதிதாகக் கூட்டுகிறதாம். அதனால் கண்டதைச் சொல்கிறவர் ஒருநாள் மழையைச் சொல்வார், மறுநாள் அதை விட்டுவிட்டு நாய் குரைத்ததைச் சொல்வார். சொல் மாறாமல் வருவது பெரும்பாலும் வாய்ப்பாடு, பிரார்த்தனை மாதிரி மனப்பாடம் செய்தது. அது வேறு தடத்தில் இருக்கிறதாம். மற்றதெல்லாம் அழிந்தபிறகும் அது கடைசிவரை இருக்குமாம். இதனால் உங்கள் கதை பொய் என்று ஆகிவிடாது, அடிக்கடி சொல்லி இறுகியும் இருக்கலாம் என்று ஜாக்கிரதையாகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். சாதாரணக் கேள்வி. கும்பகோணத்து அதிகாரி கேட்காத கேள்வி.

"அதைப் பார்த்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?"

வாயைத் திறந்தேன். முத்தையன் வரப்பில் நின்றார். ஆறு பேர் வயலில் நின்றார்கள். நான்? காலடியில் சேறா, புல்லா? வெயில் முகத்திலா, முதுகிலா? தேடுகிறேன், தேடுகிறேன், என் கால் எங்கேயும் தட்டுப்படவில்லை. அந்தக் காட்சியில் நான் இல்லவே இல்லை.

அன்று அந்த அறையில் எனக்கு வந்த பயத்தை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன். பண்ணை வாசலில் தமிழ் பேசி நின்றபோது வந்த பயமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

5

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. வெந்நீர் வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று மறப்பேன், ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. நான் எங்கே நின்றேன்?

முதலில் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணை வயல் பக்கம் அனுப்பமாட்டார்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு நான் வடக்குவெளியில் கால் வைத்ததே கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்த அதையும், வயலில் நான் கண்ட காட்சியையும் இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றோடொன்று முட்டவிடாமல். மனது செய்கிற வேலையைப் பாருங்கள்.

பிறகு அந்த விரல். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேண்டுமென்றே அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னேன், விரலைக் கவனித்துக்கொண்டு. டொக். டொக். டொக். மூன்றாவது தட்டில் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. பித்தளைப் பெட்டி. அப்பாவுடைய வக்கீலின் குமாஸ்தா கும்பகோணத்திலிருந்து வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, நான் வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் அதன் மூடியில் விரலால் தட்டுவார். அவர் வந்ததை நான் மறந்ததே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார் என்று மட்டும் நினைத்ததில்லை. நான் கண்டதை ஒழுங்காகச் சொல்ல உதவ வந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் சொன்னார்: "நீ பாத்ததைத்தான் சொல்லப்போற பாப்பா, கோர்வையா சொல்லணும், அவ்வளவுதான்." காலையிலும் சாயங்காலமும், பள்ளிக்கூடப் பாடத்தோடு பாடமாக. எத்தனை நாள் என்று தெரியவில்லை. கடைசியில் எனக்கு வயல் தெரிந்தது, வரப்பு தெரிந்தது, வெறுங்கையோடு முத்தையன் தெரிந்தார்.

அப்படியானால் அன்று காலை நான் உண்மையில் எங்கே இருந்தேன்?

அது தேடியபோது வரவில்லை. குளியலறை பல்பை மாற்ற ஸ்டூல் மேல் ஏறிக் கையைத் தூக்கினேன். தண்ணீர்க்குழாய் எங்கோ கசிந்து ஒரு சொட்டு முழங்கையில் விழுந்து சட்டைக் கைக்குள் ஓடியது. அவ்வளவுதான். ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் அறுப்பன்று முதல் பிடிக் கதிரை அறுத்து நிலத்துக்காரர் வீட்டு வாசல்நிலையின் மேலே கட்டுவார்கள், குருவி வந்து கொத்தட்டும் என்று. அதை யார் வேண்டுமானாலும் கொண்டுவர முடியாது. பயிர் வைத்தவர்தான் தன் கையால் அறுத்துக் கொண்டுவர வேண்டும். கூலியாள் கொண்டுவந்தால் வாங்கமாட்டார்கள். அந்த வருஷம் வழக்கமாகக் கட்டுகிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, என்னைக் கட்டச் சொன்னார். நான் முக்காலி மேல் நின்றேன். முத்தையன் வாசலில், எனக்குக் கீழே நின்று கதிர்க்கொத்தைத் தூக்கிப் பிடித்தார். பனி ஈரம் கொத்திலிருந்து வழிந்து என் முழங்கை வழியாக உள்ளே ஓடியது. "பாத்து பாப்பா, சுனைக்கும், கை அரிக்கும்," என்றார். அவர் கைச் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. அதில் ரத்தம் புதிதாக ஊறியிருந்தது.

அரிவாள் பட்ட காயம். அன்று காலை அறுத்த கை அது.

அந்தக் கொத்து எங்கள் வாசலில் மாதக்கணக்கில் தொங்கியது. அப்பா அதற்குக் கீழே குனிந்து போய்த்தான் கும்பகோணம் பஸ் ஏறினார். நானும் அதற்குக் கீழே குனிந்து போய்த்தான் அவர் கூலியாள் என்று சொன்னேன். என்னைவிட முப்பது வயது மூத்தவரை, அவன், இவன் என்று.

தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போடமாட்டேன், என் பங்கை முத்தையன் வீட்டாருக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவன் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, உனக்கு உடம்பு சரியில்ல. டாக்டருங்களே சொல்றாங்க. இதெல்லாம் நீயா கற்பனை பண்ணிக்கிறது. அருணாகிட்ட போனைக் குடு," என்றான்.

இல்லாததைச் சொன்ன பதினாறு வயதுப் பெண்ணை எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு என்னை நம்ப ஆள் இல்லை. ஒருவேளை அவன் சொல்வது சரியோ என்று எனக்கே சந்தேகம். ஒரு பொய்யை என் மூளையால் அவ்வளவு துல்லியமாக எனக்குக் காட்ட முடிந்ததே. கதிரும் ஈரமும் சுண்டுவிரலும் மட்டும் எப்படி நிஜமாகும்? கெட்டுப்போகிற மூளை எனக்கு ஆறுதலாக ஒன்றைப் புதிதாகச் செய்து கொடுத்திருந்தால்? இந்தப் பயத்துக்கு இங்கே மருந்தும் இல்லை, படிவமும் இல்லை.

6

முத்தையன் காலமாகி வெகுநாள் ஆகிறது. அவர் மகள் செல்லம்மாள் என் வயதுக்காரி, ஊரிலேயே இருக்கிறாள். பால்வாடியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயலைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் எண்ணைக் கொடுத்தார். எண்ணை அழுத்திவிட்டு, அடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அடித்தது. எடுத்தாள்.

நான் யார் என்று சொன்னேன். பிறகு மரியாதையாக, சௌக்கியமா என்று கேட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குள் விசாரணையைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

"நான் அன்னிக்கு ஆபீஸ் வெளியில வேப்பமரத்தடியில நின்னேன்," என்றாள் செல்லம்மாள். "நீங்க சொன்னது சன்னல் வழியா கேட்டுச்சு. எனக்கு இன்னமும் மனப்பாடம்."

அவளுக்கு அவள் நின்ற இடம் தெரிந்திருந்தது.

அப்புறம் அவள் சொன்னதை நான் தாங்கிக்கொண்டது எப்படி என்று தெரியவில்லை. அவள் அப்பா முதல் சில வருஷம் என்னைத் திட்டித் தீர்த்தாராம். பிறகு திட்டுவது நின்றுபோய், அந்த வாக்கியங்களையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம்.

"சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாரு வசந்தாம்மா. 'ஏம்மா, நான் அன்னிக்கு வரப்புலதான் நின்னேனா? படிச்ச புள்ளை அவ்ளோ தெளிவா சொல்லுச்சே'ன்னு. 'இல்லப்பா, நீதான் அறுத்தே'ன்னு சொன்னேன். நம்பாமலே போயிட்டாரு."

நான் கற்ற பாடம் அவர் தலைக்குள்ளும் போய் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். நிலத்தைப் பற்றி, என் பங்கைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் தடுத்தாள்.

"நிலம் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். அதை அப்பறம் பேசுவோம். மொதல்ல நீங்க எங்க அப்பாவை அன்னிக்குக் காலைல எப்படிப் பாத்தீங்க, அதைச் சொல்லுங்க."

சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். வாயைத் திறந்தேன். "அன்று காலை வடக்குவெளியில் எங்கள் பண்ணை ஆட்கள் ஆறு பேர்..." என்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை, அது வந்தது. சுவரில் என் விரல் தட்டியது. நிறுத்த முடியாமல் இரண்டாவது வாக்கியமும் போனது. மூன்றாவதை அந்தப் பக்கத்திலிருந்து செல்லம்மாள் சொன்னாள், அமைதியாக: "அவன் கையில் அரிவாள் இல்லை."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. காத்திருந்தாள்.

சமையலறையில் ஒரு சின்ன ஸ்டூல் உண்டு. இந்த வயதில் ஏறக் கூடாது என்று அருணா திட்டுவாள். அதை இழுத்துக் கதவுநிலைக்குக் கீழே போட்டு ஏறினேன். ஒரு கையில் போன், மறு கையை நிலைக்குத் தூக்கினேன். கால் வெடவெடத்தது. ஆனால் கால் இருந்தது, நான் ஓர் இடத்தில் நின்றேன்.

"செல்லம்மா, நான் முக்காலி மேல நின்னேன். எங்க வீட்டு வாசல்ல. உங்கப்பா கீழ நின்னுக்கிட்டு கதிரைத் தூக்கிக் குடுத்தாரு. ஈரம் என் கையில வழிஞ்சுது. சுனைக்கும்னு சொன்னாரு. அவரு சுண்டுவிரல்ல துணி கட்டியிருந்துச்சு, ரத்தமா."

"எந்தக் கை?"

கண்ணை மூடிக்கொண்டேன். வலது கையில் கொத்து. இன்னொரு கையால் என் முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இடது," என்றேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அது நான் கட்டிவிட்டது," என்றாள் செல்லம்மாள். "என் தாவணி ஓரத்தைக் கிழிச்சு."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் போய்விடுமோ என்று பயம். அவள் அழுதாளா என்று தெரியாது. கொஞ்சம் கழித்து, இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள்.

சொன்னேன். இந்த முறை வேறு மாதிரி வந்தது.